எந்த சிம்மும் போடலாம்

அத்தியாயம் 5

பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்தால் ஒரு தொல்லை உண்டு. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் மாடி தவறி மேலே வந்துவிடுவார்கள். அவர்களை உட்காரவைத்து, "எந்தப் பல்லுங்க காணாமப் போச்சு? கடைசியா எப்ப பார்த்தீங்க?" என்று விசாரிப்பதில் ரேடியோவுக்கு ஒரு ஆனந்தம்.

ரேடியோ என்பது பட்டப்பெயர். அணைக்க முடியாத வாய் என்பதால் அலுவலகத்தை நடத்தும் மேடம் வைத்தது. அதற்கு முன்னால் அவன் கடைவீதியில் செல்போன் விற்றுக்கொண்டிருந்தான். பேசியே பிழைத்தான், ஒருநாள் பேசக் கூடாததைப் பேசி அந்த வேலையையும் தொலைத்தான். மேடம் நெடுங்காலம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்களைப் பிடித்துக் கொடுத்தவர். வெளியே வெயில் அடிக்கிறது என்று யாராவது சொன்னால்கூட ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

அன்று வந்தவள் கன்னத்தைப் பிடித்திருக்கவில்லை. துணிப்பை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். நாற்பது வயது இருக்கலாம். ரவிக்கைத் தோளில் நீல நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருந்தது. எடுக்க மறந்து வந்திருக்கிறாள்.

"உக்காருங்க. யாரைக் காணோம்?" என்றார் மேடம்.

"ஆள் காணாமப் போகலீங்க. தினமும் மெசேஜ் வருது." அவள் பையைத் திறந்து ஒரு செல்போனை மேஜைமேல் வைத்தாள். "என் தம்பியோட குரல்தான் காணோம்."

ரேடியோ பதிலுக்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மேடம் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

அவள் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். தாய் தகப்பன் போனபிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள். தம்பி பாலைவன நாடு ஒன்றில் குழாய்க் கம்பெனி வேலைக்குப் போயிருக்கிறான். டைப் அடிக்கச் சோம்பேறி. அதனால் எது சொன்னாலும் குரலில்தான் பதிவு பண்ணி அனுப்புவான். கொட்டாவி விட்டால் அதையும் அனுப்புவான். மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அது நின்றது. கொஞ்ச நாள் ஒன்றுமே வரவில்லை, பிறகு எழுத்தில்தான் வருகிறது. 'நல்லா இருக்கேன் அக்கா.' 'வேலை அதிகம் அக்கா.' போன் பண்ணுடா என்றால், 'நெட்வொர்க் சரியில்லை அக்கா.'

"கம்பெனியில விசாரிச்சீங்களா?"

"ஏஜெண்ட் மூலமாக் கேட்டேன். உங்க தம்பி எப்பவோ ஓடிப்போயிட்டான், இனிமே எங்களைக் கேக்காதீங்கன்னு வெச்சுட்டாங்க. தம்பிகிட்டக் கேட்டா, வேற இடம் மாறிட்டேன் அக்காங்கறான்."

"இந்தப் போன்?"

"அவன் வாங்கி அனுப்பினது. கூட வேலை செஞ்ச வெல்டர் ஒருத்தர், இந்த ஊர்க்காரர்தான், திரும்பி வந்தாரு. நேரா வீட்டுக்கு வந்து குடுத்தாரு. தம்பி தானே கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கினதாம். இவர் கிளம்புறப்போ ஏர்போர்ட் வாசல்ல நின்னு கையில குடுத்தானாம். லாக் கிடையாது, எந்த சிம்மும் போடலாம்னு அக்காகிட்டச் சொல்லுன்னானாம்." சொல்லும்போதே அவள் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது. "போட்டேன். போட்ட உடனே வேலை செஞ்சுச்சு."

ரேடியோ போனை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். நல்ல போன். வெளிநாட்டில் இரண்டு விதமாக விற்பார்கள். ஒரே கம்பெனியின் சிம்முக்குப் பூட்டு போட்டு மலிவாக விற்பது ஒன்று. ஊருக்குக் கொண்டுவந்தால் பேப்பர் பறக்காமல் மேலே வைக்கத்தான் ஆகும். பூட்டில்லாதது இன்னொன்று, விலை கூடுதல். இது இரண்டாவது ரகம். அதிலும் உசத்தி.

"என்னங்க, எழுத்தெல்லாம் கடை போர்டு மாதிரி இருக்கு?" என்றான். திரையில் ஒரு வரிக்கு மூன்று வார்த்தைக்குமேல் கொள்ளவில்லை.

"வர்றப்பவே அப்படித்தான் இருந்துச்சு. அக்காவுக்கு வயசாகுதுன்னு தம்பி பெருசு பண்ணி அனுப்பியிருக்கான் போலன்னு சிரிச்சேன். மாத்த மனசு வரல."

மேடம் அவள் தோளைக் காட்டினார். "ஊசி குத்தியிருக்கு பாருங்க."

"அய்யோ!" அவள் வெட்கப்பட்டு உருவினாள். நூல் நழுவியது. பேச்சை விடாமலே நூல் முனையை உதட்டில் ஈரமாக்கி, ஜன்னல் பக்கம்கூடத் திரும்பாமல் ஒரே குத்தில் கோத்துவிட்டுத் தோளிலேயே மறுபடி குத்திக்கொண்டாள்.

"கண்ணாடி போடுறதில்லையா?"

"எனக்கெதுக்குங்க? எறும்போட கால்ல கொலுசு இருந்தாலும் சொல்லிடுவேன். தம்பி அப்படித்தான் கேலி பண்ணுவான்."

மேடம் ரேடியோ பக்கம் திரும்பினார். "ரேடியோ, போனையும் பெட்டியையும் போட்டோ எடுத்து வை. அப்படியே மெசேஜ் வந்த நேரத்தையெல்லாம் பாரு. உள்ரூம்ல."

உள்ரூம் என்பது ஒரு பீரோவும் இரண்டு பேர் நிற்க இடமும் கொண்டது. பின்னாலேயே மேடமும் வந்து நின்றார். அந்தப் போன் எப்படிப் படம் எடுக்கிறது என்று பார்க்க ரேடியோ அதிலேயே பெட்டியை ஒரு படம் எடுத்தான்.

களக்!

கீழே பல் டாக்டரின் இயந்திரம் அப்போதுதான் நின்றிருந்தது. அந்த அமைதியில் சத்தம் பட்டாசு மாதிரி கேட்டது. ரேடியோ சத்தத்தைக் குறைத்தான். களக்! முழுக்க அணைத்தான். களக்! உள்ளே போய் எங்கெங்கோ தேடினான். அணைக்கிற இடமே இல்லை.

"மேடம், இந்தப் போன் வாயை மூட மாட்டேங்குது."

"உன் உடன்பிறப்பா இருக்கும்."

"இல்ல மேடம், நிஜமாத்தான் சொல்றேன். இது சில நாட்டு சமாச்சாரம். தெரியாம யாரையும் படம் எடுக்கக் கூடாதுன்னு அங்க விக்கிற போன்ல சத்தத்தை அணைக்கவே முடியாதபடி பண்ணியிருப்பாங்க. அந்தத் தீவு நாடு இருக்கே, பாலைவன நாட்டுலேருந்து வர்றப்போ விமானம் மாறி ஏற நம்ம ஆளுங்க இறங்குவாங்களே, அங்க வாங்கினது. நான் கடையில இருந்தப்போ இந்த மாதிரி நாலஞ்சு வந்து, 'இதென்ன கத்துது'ன்னு ஒருத்தரும் வாங்கலை. பாலைவன நாட்டுல விக்கிற போன் இப்படிக் கத்தாது."

"அப்ப தம்பி அதை வாங்கலை."

"வாங்கவே முடியாது! அந்தத் தீவுப் பக்கமே அவன் போகலையே." ரேடியோவின் கண் மின்னியது. "புரிஞ்சிடுச்சு மேடம். தம்பி குடுத்தது வேற ஏதோ. நகையா இருக்கும். அந்த வெல்டர் அதை அமுக்கிட்டு வழியில ஒரு போனை வாங்கித் தலையில கட்டியிருக்கான்."

"அமுக்குறவன் மட்டமான போனைத்தான் வாங்குவான். இது நீயே வாயைப் பொளந்து பார்த்த போன். பூட்டில்லாததாப் பார்த்து, கூடக் குடுத்து வாங்கியிருக்கான். ஊருக்கு வந்து தானே வெச்சுக்கறவன்தான் அப்படி வாங்குவான்."

"அந்த எழுத்து?"

"அக்காவோட கண்ணு தம்பிக்குத் தெரியும். எறும்புக் கொலுசுன்னு கேலி பண்றவன் எழுத்தைப் பெருசு பண்ண மாட்டான். கண்ணு மங்கின ஒருத்தன் தனக்காகப் பண்ணிக்கிட்டது. வெல்டிங் வேலை செய்யறவனுக்குக் கண்ணு எப்படி இருக்கும்?"

ரேடியோ மெல்ல விசில் அடித்தான். வெல்டர் தனக்காக வாங்கிய போனை, தம்பி கொடுத்தது என்று சொல்லி அக்காவிடம் கொடுத்திருக்கிறான். ஏன்? திருடுகிறவனை ரேடியோ பார்த்திருக்கிறான், தன் சொந்தப் பொருளையே திருட்டுத்தனமாகக் கொடுத்துவிட்டுப் போகிறவனை இப்போதுதான் பார்க்கிறான்.

"மெசேஜ் நேரம்?"

அவன் விரலால் தள்ளிக்கொண்டே போனான். அக்கா காலையிலும் அனுப்பியிருக்கிறாள், ராத்திரியும் அனுப்பியிருக்கிறாள். பதில்கள் எல்லாம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான். ஒன்றுகூட வேறு வேளையில் இல்லை. வாரவிடுமுறையில் பதிலே இல்லை.

"யாரோட சாப்பாட்டு நேரம்?" என்றார் மேடம்.

"நம்ம… நம்ம ஊர் நேரம் மேடம். அங்க அப்ப காலையில பாதி வேலை நேரமா இருக்கும்." ரேடியோ நிமிர்ந்தான். "அனுப்புறவன் இங்க இருக்கான்!"

"ம்."

அவ்வளவுதான் மேடம் சொன்னார். பிறகு வெளியே போய், நாளை மத்தியானம் நாங்கள் ஒரு மிஸ்டு கால் கொடுத்ததும் தம்பிக்கு 'சாப்பிட்டியா' என்று ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டும், வேறு ஒன்றும் கேட்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லி அனுப்பினார். அவள் படியிறங்கினாள். போனின் பெட்டி உள்ரூமிலேயே தங்கிவிட்டது. ரேடியோ அதை எடுத்துக்கொண்டு ஓடினான்.

பாதிப் படியில் அவள் திரும்பி நின்றாள். பெட்டியை வாங்கிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள். "தம்பி," என்றாள். எல்லாரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள், கடைக்கு வந்தவர்கள்கூட. ஆனால் அவள் கூப்பிட்டது வேறு மாதிரி இருந்தது. "ஏதாவது தெரிஞ்சுதா தம்பி? கெட்ட சேதின்னாலும் சொல்லிடு."

"கெட்ட சேதியா? அக்கா, உங்க தம்பி இந்த ஊர்லயேதான் இருக்காரு. ஏதோ வெக்கப்பட்டுக்கிட்டு ஒளிஞ்சிருக்காரு போல. நாளைக்குக் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உங்க முன்னாடி நிறுத்தறேன் பாருங்க!"

அவள் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள். அழுவாளோ என்று பயந்தான். அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, பெட்டியை அணைத்துக்கொண்டு, தடதடவென்று இறங்கிப் போனாள்.

மேலே வந்தபோது மேடம் வாசலில் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது.

"அனுப்புறவன் இங்க இருக்கான்னுதான் நான் 'ம்' சொன்னேன். தம்பி இங்க இருக்கான்னு நான் சொன்னேனா?"

ரேடியோ திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தான், அவள் போய்விட்டிருந்தாள்.

*

வெல்டிங் பட்டறை தெருக்கோடியில் இருந்தது. தகரக் கூரை. வாசலிலேயே அரைகுறையாக ஒட்டிய கேட்டுகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. உள்ளே முதலாளியின் தடுப்பறைச் சுவரில் வைஃபை கடவுச்சொல்லை யாரோ சாக்பீஸால் பெரிதாக எழுதியிருந்தார்கள்.

"ரகசியத்தைக் காப்பாத்தற லட்சணம்," என்று முணுமுணுத்தான் ரேடியோ. மேடம் சிரிக்கவில்லை. நேற்றிலிருந்தே சிரிக்கவில்லை.

வெல்டர் தரையில் குந்தி ஒரு ஜன்னல் கம்பியை ஒட்டிக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது ஆள். முகமூடியை ஏற்றியதும் சிவந்த, நீர் கோத்த கண்கள் அவர்களைத் தேடின.

"வீட்டுக்கு ஒரு கேட் வேணும்," என்று மேடம் ஒரு படத்தை நீட்டினார். அவன் அதை வாங்கி மூக்குக்கு நேராக, மோந்து பார்ப்பதுபோலப் பிடித்துக்கொண்டான்.

"இந்த வளைவு கஷ்டம்மா. செலவு கூடும். நேரா வெச்சுக்கலாமே."

"நேராப் போறதுதான் எனக்கும் பிடிக்கும்," என்றார் மேடம்.

சாப்பாட்டு மணி அடித்தது. மற்றவர்கள் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார்கள். வெல்டர் மட்டும் தடுப்பறைச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான். ரேடியோ சட்டைப்பைக்குள் கையைவிட்டு மிஸ்டு கால் கொடுத்தான். அவன் மனம் ஒரே ஒரு விஷயத்தை வேண்டிக்கொண்டிருந்தது. இப்போது எங்கேயும் சத்தம் கேட்கக் கூடாது. இந்த ஆளின் பையிலிருந்து மட்டும் கேட்கவே கூடாது.

டிங்.

வெல்டர் டப்பாவைத் தரையில் வைத்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, இடது பையிலிருந்து மூலை உடைந்த ஒரு பழைய போனை எடுத்தான். அதை மூக்குக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினான். சாப்பாட்டில் இன்னும் கை வைக்கவில்லை.

மேடம் அவன் தோளுக்கு மேலாக நின்று வாசித்தார். "'சாப்பிட்டேன் அக்கா. நீங்க சாப்டீங்களா?'"

போன் அவன் மடியில் விழுந்தது.

ரேடியோ பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். "எங்கய்யா அவன்? எங்க இருக்கான்? அந்தப் பொம்பளை தினம் செத்துச் செத்துப் பிழைக்குது, நீ உக்காந்துக்கிட்டு நெட்வொர்க் சரியில்லைன்னு அடிச்சு விடறியா? சொல்லு, எங்க ஒளிச்சு வெச்சிருக்கே?"

வெல்டர் விடுவித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. கையை உயர்த்தக்கூட இல்லை. "ஒளிச்சு வெக்க முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்குமேண்ணே," என்றான்.

ரேடியோவின் கை தானாக விட்டது.

அவன் சொன்னான். வாரிக் கொட்டவில்லை, ஒவ்வொன்றையும் மேடம் கேட்கக் கேட்கத்தான் சொன்னான். குழாய்க் கம்பெனியில் சம்பளம் நின்றுபோய், பாஸ்போர்ட்டையும் பிடுங்கி வைத்துக்கொண்டதும் இருவரும் சேர்ந்தே வெளியேறினார்கள். கடலோரத்தில் பேப்பர் இல்லாதவர்களைக் கேள்வி கேட்காமல் ஏற்றிக்கொள்ளும் மீன்பிடிப் படகுகள் உண்டு. அதில் ஒன்றில் ஏறினார்கள். ஒரு விடியற்காலை, வலை இழுக்கும்போது கயிறு தம்பியின் காலைச் சுற்றிக்கொண்டது.

"நான் பக்கத்துலதான் நின்னேன். கையை நீட்டினேன். இந்தக் கையைத்தான். படகைத் திருப்பினாங்க. அலை பெருசு. எதோ தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, அங்க இருக்கான் அங்க இருக்கான்னு கத்தினேன். என் கண்ணு இப்படி. தெரிஞ்சது அவன் தலையா, தண்ணியான்னு எனக்கே இன்னிவரைக்கும் தெரியாதும்மா."

"உடம்பு?"

"கிடைக்கலை."

"படகோட பேரு, நம்பர்?"

"பெயிண்ட் அடிச்சு மறைச்சிருந்தாங்க. கரைக்கு வந்ததும் மிச்சமிருந்த எங்களை இறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க. அப்புறம் அந்தப் படகை நான் பார்க்கவே இல்ல."

"போலீஸ்ல சொன்னியா?"

"யாருன்னு சொல்லிக்கிட்டுப் போறதும்மா? அந்த நாட்டுக் கணக்குல நாங்களே இல்லாத ஆளுங்க. கம்பெனி ஓடிப்போனவங்கன்னு எழுதிட்டான். இல்லாதவன் போய், இல்லாதவன் செத்துட்டான்னா யாரு எழுதிக்குவாங்க?" அவன் பழைய போனைத் துடைத்தான். "பேப்பர் இல்லாதவங்க எல்லாம் ஊருக்குப் போகலாம்னு மன்னிப்பு விட்டாங்க. அப்பதான் வந்தேன். அவன் உயிரோட இருந்திருந்தா அவனும் வந்திருப்பான்."

"அந்தப் போன்?" என்றார் மேடம். முதல் தடவையாக அவர் குரல் தணிந்திருந்தது.

"வெறுங்கையோட வீட்டுக்கு வரக் கூடாதுன்னு வழியில வாங்கினேன். பூட்டுப் போட்டது வேண்டாம், ஊர்ல போய்ப் போடற மாதிரி குடுன்னு கேட்டு வாங்கினேன். நேரா அக்கா வீட்டுக்குத்தான் போனேன். அவன் போன் இடது பையில. படகேறுறதுக்கு முன்னாடி நனையாம வெச்சுக்கோன்னு என்கிட்டக் குடுத்தது. அதைக் குடுத்துட்டு விஷயத்தைச் சொல்லிடணும். அதுக்குத்தான் போனேன். என் போன் வலது பையில. கதவைத் திறந்ததும் அக்கா, 'தம்பி என்ன குடுத்து விட்டான்?'னு சிரிச்சுக்கிட்டே கையை நீட்டிட்டாங்க." அவன் தன் கையைப் பார்த்தான், அது யாருடையதோ என்பதுபோல. "அவன் போனை எடுத்தா, அவன் இல்லேன்னு அர்த்தம். கை வலது பைக்குப் போயிடுச்சு."



"அதோட நிறுத்தியிருக்கலாமே," என்றான் ரேடியோ. குரலில் பழைய சூடு இல்லை.

"நிறுத்தத்தான் பார்த்தேன். அந்தப் போன் அந்த ஊர் சிம்முக்குப் பூட்டு போட்டது. இங்க ஒண்ணுத்துக்கும் ஆகாது. அதுல அவன் போட்டோ இருக்கு, அதையாவது எடுத்துக் குடுக்கலாம்னு இங்க வைஃபை போட்டேன். போட்டதும் அக்காவோட மெசேஜ் வந்து விழுந்துச்சு. 'போன் நல்லா வேலை செய்யுதுடா'ன்னு. பதில் போடலைன்னா பயந்துடுவாங்களேன்னு 'சரி அக்கா'ன்னு ஒண்ணு போட்டேன். அந்த ஒரு 'சரி'தான். மறுநாள் இன்னொண்ணு கேட்டாங்க."

மேடம் அவனுடைய சாப்பாட்டு டப்பாவை மூடி அவன் கையில் கொடுத்தார். "எந்திரி. இன்னிக்கு அவங்ககிட்டச் சொல்லியாகணும்."

*

அவளுடைய வீடு ஒரு மளிகைக் கிடங்குக்கு மேலே. வெல்டர் தெருவரை வந்தான். படிக்கட்டைப் பார்த்ததும் நின்றான். கீழே குட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டான். மேடமும் ரேடியோவும் மட்டும் ஏறினார்கள்.

கதவு திறந்தே இருந்தது. தையல் மெஷின் மூலைக்குத் தள்ளப்பட்டிருந்தது. சீருடைக் கட்டுகளெல்லாம் சுவரோரம் அடுக்கியிருக்க, காலியான இடத்தில் ஒரு பாய் விரித்து, தலையணைக்குப் புது உறை போட்டிருந்தாள். கொடியில் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை, புதிது, பொத்தான் மட்டும் இன்னும் தைக்காமல் தொங்கியது. அளவு பழைய அளவாக இருக்கும். இப்போது இளைத்திருப்பானோ என்னவோ என்று கொஞ்சம் பிடித்துத் தைத்திருந்தாள். அதை அவளே சொன்னாள். சொல்லிக்கொண்டே ரேடியோவைத் தாண்டி, அவன் பின்னால் படிக்கட்டைப் பார்த்தாள்.

மேடம் அவளை உட்காரவைத்தார். சுற்றி வளைக்காமல், வார்த்தையைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லி முடித்தார். போன் யாருடையது, மெசேஜ் யாருடையது, படகு, கயிறு, விடியற்காலை. இன்ஷூரன்ஸ் காலத்தில் பல வீடுகளில் சொல்லிப் பழகியவர். ரேடியோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிமெண்டுத் தரையில் நீல நூல் துண்டுகள் கிடந்தன.

அவள் அழவில்லை. "அந்த வெல்டர் பார்த்தாரா?" என்று கேட்டாள்.

"பக்கத்துல நின்னிருக்கான்."

"விழுந்ததைப் பார்த்தாரு. முழுகினதைப் பார்த்தாரா?"

மேடம் தயங்கினார். மேடம் தயங்கி ரேடியோ பார்த்ததில்லை. "அவன் கண்ணு அவ்வளவு தெளிவில்லை. அலையில சரியாத் தெரியலைன்னான்."

"அப்ப பார்க்கலை."

"அம்மா…"

"கண்ணு தெரியாதவர் கண்ணுக்குத் தெரியலைன்னா, என் தம்பி இல்லாமப் போயிடுவானா?" அவள் குரல் உயரவில்லை. கணக்குப் பார்த்துத் துணி வெட்டுகிறவளின் நிதானம் அதில் இருந்தது. "உடம்பு இல்ல. படகு இல்ல. ஒரு பேப்பர் இல்ல. கடல்னா அங்க வேற படகே போகாதா? தூக்கிப் போட்டுக்கிட்டு வேற கரைக்குக் கொண்டு போயிருக்க மாட்டாங்களா? பேச வராத ஊரா இருக்கும். போன் இருக்காது. என் நம்பர் அவனுக்கு மனப்பாடமா எங்க தெரியும், எல்லாத்தையும் அந்தப் போன்லயே வெச்சிருப்பான்."

"அப்படி நடக்கறது…" மேடம் தொடங்கி நிறுத்தினார். நடக்காது என்று நிரூபிக்க அவரிடம் ஒன்றுமே இல்லை. வாழ்நாளெல்லாம் ஆதாரம் கேட்டுப் பிழைத்தவரிடம் அவள் ஆதாரம் கேட்டுவிட்டாள்.

அவள் எழுந்தாள். மேடத்தை விட்டுவிட்டு ரேடியோவின் முன்னால் வந்து நின்றாள்.

"தம்பி, நீதானே சொன்னே, காதைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றேன்னு? நீ சொல்லு. அவன் எங்கேயோ இருக்கான்தானே? நீ தேடுவேதானே?"

வழியெல்லாம் அவன் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்தான். மன்னிச்சிடுங்கக்கா, நான் அவசரப்பட்டுட்டேன், மனசைத் தேத்திக்குங்க. வார்த்தைகள் எல்லாம் வரிசையாக நின்றன. அவள் நெருங்கி நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேடறேன்க்கா," என்றான் ரேடியோ.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். போய் மெஷினை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொடியிலிருந்த சட்டையை உருவி மடியில் வைத்துக்கொண்டு, பொத்தான் டப்பாவைத் திறந்தாள்.

மேடம் திருத்தவில்லை. படியிறங்கும்போதும் திட்டவில்லை. பாதி இறங்கியதும், "எங்க போய்த் தேடுவே?" என்று மட்டும் கேட்டார். அதில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல இருந்தது. ரேடியோ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மீதிப் படிகளை இறங்கினான்.

கீழே வெல்டர் எழுந்து நின்றான். "சொல்லிட்டீங்களாம்மா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

மேடம் தெருவில் இறங்கி நடந்தார். வெல்டர் ரேடியோவைப் பார்த்தான். மங்கின கண்களுக்கு முகம் சரியாகத் தெரிந்திருக்காது. ஆனாலும் நிற்கிற விதத்திலிருந்தே தெரிந்துகொண்டான்போல.

"கையை நீட்டிட்டாங்களாண்ணே?" என்றான் மெதுவாக.

மத்தியானம் இந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்கினது ரேடியோவுக்கு நினைவு வந்தது. அவன் கையைப் பிடித்துக் குட்டைச் சுவரில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டான்.